வெள்ளிக்கிழமைக் குரோமியம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் பலர். விஞ்ஞானம் வைத்திருப்பவர் தான் ஒருவரே என்று துளசிராமன் நம்பினார். நம்பியதைப் பலகையில் எழுதி வாசலிலும் மாட்டியிருந்தார்: 'துளசி சர்ஃபேஸ் சயின்ஸ்'. உள்ளே நடந்தது, காருக்கும் லாரிக்கும் போகிற போல்ட்டு நட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசி, துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியக் கரைசலில் முக்கி எடுக்கும் வேலை. அக்கம்பக்கத்தில் இதையே செய்கிறவர்கள் தங்கள் இடத்தைப் பிளேட்டிங் கடை என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் போதாது என்பது துளசிராமனின் கருத்து.

அவர் பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர் உண்டு. நட்சத்திர ஓட்டல் ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, சிவப்பு அங்கி மாட்டிக் கொடுத்தது. கொடுத்த பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது அவருக்கே இரண்டு விதமாக ஞாபகம் இருந்தது.

முலாம் போட்டுக் கழுவிய தண்ணீரில் ஆறாம் நிலைக் குரோமியம் மிச்சமிருக்கும். அது விஷம். கையில் பட்டால் ஆறாத புண். மூச்சில் ஏறினால் மூக்குத் தண்டில் ஓட்டை. அதை மூன்றாம் நிலைக்கு இறக்கி, வண்டலாகப் படியவைத்த பிறகுதான் தண்ணீரை வெளியே விடலாம். இறக்குவதற்கு ஊரில் எல்லோரும் சோடியம் பைசல்ஃபைட் என்ற வெள்ளைத் தூளைக் கலப்பார்கள். நாறும்; வேலை செய்யும். நாறுகிற விஞ்ஞானம் துளசிராமனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரு வளையம் கண்டுபிடித்தார். ஒலிபெருக்கியின் முதுகில் இருப்பது போன்ற இரண்டு காந்தங்களை எஃகு உறைக்குள் வைத்துக் குழாயைச் சுற்றி மாட்டிவிட்டால், அந்த வழியாகப் போகிற ஆறு தானே மூன்றாகிவிடும். பெயர் 'துளசி வளையம்'. காப்புரிமைக்கு விண்ணப்பம் போய்விட்டது. தூள் மூட்டைகள் கொட்டகை மூலைக்குப் போய்விட்டன.

"வளையம் மாட்டினப்புறம் தண்ணி எப்படி ஷைனிங்கா போவுது பாத்தியா?" என்று சுத்திகரிப்புக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சின்னதுரையிடம் கேட்டார்.

"வெயிலு அடிக்குது சார்," என்றார் சின்னதுரை.

போல்ட்டு வாங்குகிற கார் கம்பெனி அவ்வளவு எளிதில் ஷைனிங்கைப் பார்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. உங்கள் கழிவுநீரில் இருப்பது ஆறா, மூன்றா, நிரூபியுங்கள் என்று கேட்டது. பரிசோதனைக்கூடத்தின் தலைவி ஸுப்ரஜா ஒரு வழி சொன்னாள். திருவள்ளூரிலிருந்து கம்பெனி வேனில் தினமும் வருகிறவள். அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். அவளுக்கும் பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு, பரீட்சை எழுதி வாங்கியது. அதனால் கம்பெனியின் கடிதத் தாளில் அவளுடைய டாக்டர் சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது.

"சார், ஒரு திரவம் இருக்கு. நாலு சொட்டு விட்டா போதும். ஆறு இருந்தா தண்ணி ஊதாவா மாறிடும்."

"கலர் மாறறதெல்லாம் ஹோலிக்கும்மா," என்றார் துளசிராமன். "உலகத் தரத்துல ஏதாவது சொல்லு."

உலகத் தரத்தில் எக்ஸ்ரே உமிழ்வு நிறமாலைமானி என்று ஒன்று இருந்தது. வந்திறங்கியது. வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்து, துளசிராமன் பேசினார். "எலும்புக்குள்ள இருக்கறதையே எக்ஸ்ரே காட்டுது. தண்ணிக்குள்ள இருக்கறத காட்டாதா? எக்ஸ்ரே பொய் சொல்லாது!" கைதட்டலின் சூட்டில் இன்னொரு வாக்குறுதியும் கொடுத்தார். தினமும் வருகிற முடிவு கம்பியூட்டரிலிருந்து நேராகக் கார் கம்பெனிக்கே போய்விடும். நடுவில் மனிதக் கை படாது. அந்த வாக்குறுதியைத்தான் அவர் பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாளே முதல் முடிவு வந்தது. துளசிராமன் திரைக்கு முன்னால் நின்றார். ஒரு மலை மாதிரி கோடு ஏறி இறங்கியிருந்தது.

"குரோமியம்தானே?"

"குரோமியம்தான் சார். ஆறா மூணான்றது கோட்டோட வடிவத்துல இருக்கு." ஸுப்ரஜா பென்சிலால் திரையைத் தொட்டாள். "நாம எக்ஸ்ரேயால அடிச்சதும் அணுவுக்குள்ள ஆழத்துல ஒரு எலக்ட்ரான் தெறிச்சுப் போயிடும். அந்தக் காலி இடத்துக்கு மேல இருந்து ஒண்ணு இறங்கும். இறங்கறச்சே அதுவும் ஒரு எக்ஸ்ரே விடும். அதைத்தான் பிரிச்சுப் பாக்கறோம். ஆனா எப்படி இறங்கறதுன்றது, அந்தக் குரோமியம் பக்கத்துல யாரோட எப்படிப் பிணைஞ்சிருக்குன்றதப் பொறுத்தது. ஷேர் ஆட்டோ மாதிரி நெனச்சுக்கோங்கோ."

"ஷேர் ஆட்டோவா?" துளசிராமனுக்கு வாகனத்தின் தரம் பிடிக்கவில்லை.

"மூணாம் நிலைன்னா வெளி சீட்டுல மூணு எலக்ட்ரான் தனித்தனியா உக்காந்திருக்கு. உள்ள ஒரு எடம் காலியாச்சுன்னா மூணு பேரையும் இடிச்சுண்டுதான் நகரணும். அந்த இடிதான் மலைக்கு இடப்பக்கம் தோள் மாதிரி சரிஞ்சு தெரியும். ஆறாம் நிலைல அந்த மூணு பேரும் எறங்கிப் போயாச்சு. இடிக்க ஆள் இல்ல, தோளும் இல்ல. பதிலுக்கு நாலு ஆக்சிஜன் ரொம்ப நெருக்கமா வெளிய தொத்திண்டு வரது. அதுங்களோட எலக்ட்ரான் சில சமயம் உள்ள குதிக்கும். வலப்பக்கம் ஒரு குட்டி முனை வரும்."

துளசிராமன் மலையின் இடப்பக்கம் பார்த்தார். வழுக்கையாக இருந்தது. வலப்பக்கம் ஒரு குட்டி முனை, கேலி செய்கிற விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆட்டோல ஏதோ கோளாறு," என்றார்.

அந்த வார வெள்ளிக்கிழமை தோள் வந்தது. அழகான தோள், குட்டி முனை அடங்கிப்போயிருந்தது. தண்ணீரில் இருந்தது மூன்று. துளசிராமன் லட்டு வாங்கி வரச் சொன்னார். சனிக்கிழமை தோள் போய்விட்டது. அடுத்த வாரம் முழுக்க ஆறு, வெள்ளியன்று மட்டும் மூன்று. அதற்கடுத்த வாரமும் அதே. ஸுப்ரஜா யாருக்கும் சொல்லாமல் தன் ஊதாத் திரவத்தை வாங்கிவந்து பார்த்தாள். மற்ற நாட்களில் ஊதா. வெள்ளியன்று தண்ணீர் நிறம் மாறாமல் கிடந்தது. மெஷினில் கோளாறு இல்லை. அப்படியானால் ஒரு மனிதரிடம் இருக்கிறது.

துளசிராமனுக்குக் கணக்கு எளிது. வெள்ளிக்கிழமைதான் உண்மை, மற்ற நாட்கள் சதி. வளையம் வேலை செய்கிறது. அது வேலை செய்வது யாருக்கோ பொறுக்கவில்லை. தினமும் காலையில் வெளியேறும் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, பரிசோதனைக்கூடத்தில் வைக்கிறவள் சோனியா. பொன்னேரியில் வேதியியல் படித்துவிட்டு உதவியாளராகச் சேர்ந்தவள். அவள் வீடு சிப்காட் மதிலுக்குப் பின்னால், கலெக்டரிடம் அடிக்கடி போய் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் அந்த ஊரில்.

மனிதவளத்தைப் பார்த்துக்கொள்ளும் அன்புராஜுக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இருந்தாலும் அவர் முறையாகச் சிந்திக்கிறவர் என்பதால் வெள்ளிக்கிழமைக்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்திருந்தார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே? வெள்ளிக்கிழமை உபவாசம். அன்னிக்கு மனசாட்சி உறுத்துது. அதனால ஒழுங்கான தண்ணிய வெக்கிற. மத்த நாள்ல சுத்தம் பண்ணாத தொட்டியில இருந்து மொண்டாந்து வெக்கிற. கரெக்டா?"

"இன்னா சார் சொல்றீங்க? வெள்ளிக்கிழமையும் நாஷ்டா துன்னுட்டுதான் வரேன்," என்றாள் சோனியா. "இட்லி, வடகறி."

பதில் நேர்மையாக இருந்ததால் சந்தேகம் அதிகமானது. அன்று முதல் வாசலில் அவள் பையைத் திறந்து பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்கள். கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார்கள். கேன்டீனில் அன்புராஜ் எல்லோருக்கும் அவளைப் பற்றிச் சொல்லிவைத்தார். அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் எதிர்முனையில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு சாய்ந்தாலும் பரவாயில்லை என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை கார் கம்பெனியிலிருந்து தர ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒழுங்காக இருக்கிற தண்ணீரைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்று அந்த அம்மாள் போனில் சொன்னாராம். துளசிராமன் முடிவெடுத்தார். ஆய்வாளர் முன்னிலையிலேயே விசாரணை நடத்திச் சோனியாவை வேலையைவிட்டு நீக்கிவிடுவது. சதி என்று போலீசிலும் ஒரு புகார் கொடுப்பது. சதியைக் கையும் களவுமாகப் பிடித்த கம்பெனி என்ற பெயர், சுத்தமான தண்ணீர் விடுகிற கம்பெனி என்ற பெயரைவிட ஒன்றும் குறைந்ததல்ல.

"போலீசுன்னு பூட்டாங்கன்னா எங்கியும் லேப் வேல குடுக்க மாட்டாங்கண்ணா," என்றாள் சோனியா, சின்னதுரையிடம்.

"நீ ஒண்ணும் பண்ணலியே?" என்று சின்னதுரை ஒருதரம் கேட்டுப் பார்த்தார். கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. "தப்பா நெனச்சிக்காத. எல்லாரும் கேக்கிறானுங்களா, வாய்ல வந்துடுச்சு."

"நீ பண்றியாண்ணா? வெள்ளிக்கெழம மட்டும் அந்தத் தூள கொட்றியா?"

"மூட்டைய எலி துன்னுக்கினு கீது. நானு இன்னாத்த கொட்டுவேன்?"

இரண்டு பேரும் தத்தம் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வியாழக்கிழமை ஸுப்ரஜா அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "சோனியா, என்கிட்ட மட்டும் சொல்லு. யார் சொல்லி என்ன கலக்கறே?"

"நீங்களுமா மேடம்?" சோனியா சுவரைப் பார்த்தாள். "அப்ப ஒண்ணு செய்ங்க. இன்னிக்கு நீங்களே வந்து தண்ணி புடிங்க. குழாய்ல இருந்து மெஷினு வரிக்கும் நானு கைய பின்னால கட்டிக்கினு வரேன்."

ஸுப்ரஜா தன் கையாலேயே பிடித்தாள், வடிகட்டினாள், உலர்த்தினாள். சோனியா பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். மதியத்துக்கு மேல் கோடு வந்தது. தோள் இல்லை. ஆறு.

ஸுப்ரஜா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது, யார் ஆறைக் கொண்டுவருகிறார்கள் என்று. ஆறு தானாகவே வருகிறது. கேட்க வேண்டியது, வெள்ளிக்கிழமை மூன்றை யார் கொண்டுவருகிறார்கள் என்று.

அவள் இதை அன்புராஜிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை வாசலில் அவளுடைய பையையும் திறந்து பார்த்தார்கள். காலி டப்பாவில் ஒட்டியிருந்த தயிர்சாதத்தைக் காவலாளி நெடுநேரம் மோந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கார் கம்பெனியின் ஆய்வாளர் ஹேமாம்புஜம் வந்து இறங்கினார். நரைத்த கொண்டை, பருத்திப் புடவை, காலில் ஆலைக்குரிய கனத்த பூட்ஸ். துளசிராமன் நீட்டிய பொக்கேயை வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, "தண்ணியைப் பாக்கலாமா?" என்றார்.

"முதல்ல பூஜை மேடம். வெள்ளிக்கிழமை தவறினதே கிடையாது. மெஷினுக்கு நான் மட்டும் தனியா பண்ணுவேன், ஜஸ்ட் ஒரு தீபாராதனை."

ஒவ்வொரு வெள்ளியும் நடப்பதுதான். சோனியா பிடித்துவந்த தண்ணீர் மேசைமேல் கண்ணாடிக் குவளையில் இருக்கும். எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு மெஷினுடன் கொஞ்ச நேரம் தனியாக இருப்பார். உள்ளே மணிச்சத்தம் கேட்கும். பணக்காரர்களின் பக்தி தனியாக இருப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை. அன்று ஆய்வாளர் வெளியே பூட்ஸ் காலைத் தட்டிக்கொண்டு நின்றதால் பூஜை அவசரமாக முடிந்தது. துளசிராமன் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

விசாரணை பரிசோதனைக்கூடத்திலேயே தொடங்கியது. அன்புராஜ் தொண்டையைச் செருமினார். "இந்த நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தும் நோக்கத்தோடு…"

"அவங்க வேலையைப் பாக்கட்டும், நீங்க பாட்டுக்குப் படிங்க," என்றார் ஹேமாம்புஜம். "எனக்கு இன்னிக்கு ரிசல்ட் வேணும்."

ஆக, தன்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தைக் கேட்டுக்கொண்டே சோனியா புனலில் வடிதாளை மடித்துவைத்து, குவளைத் தண்ணீரை ஊற்றினாள். அன்புராஜ் நம்பிக்கைத் துரோகம் என்ற இடத்துக்கு வந்தபோது அவள் கை நின்றது.

"மேடம், இங்க பாருங்க. இது இன்னா கொட்ட?"

வடிதாளின் நடுவில், வழவழவென்று, ஒரு பக்கம் கூராக, ஒரு விதை கிடந்தது.

ஸுப்ரஜா குனிந்தாள். இடுக்கியால் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அவளுடைய காது மடல் சிவந்தது. "எலுமிச்சங்கொட்டை," என்றாள்.

"யாரு எலுமிச்சைச் சாதம் கொண்டாந்தது?" என்று அன்புராஜ் உடனே சோனியாவைப் பார்த்தார்.

"காராமணிக் கொழம்பு சார். காலைல நீங்கதான் மோந்து பாத்தீங்களே."

ஸுப்ரஜா யார் பேச்சையும் கேட்கவில்லை. "எலுமிச்சம் சாறு… வைட்டமின் சி. ஆறுக்கு எலக்ட்ரானைக் குடுத்து மூணா இறக்கிடும். இறங்கிப் போன மூணு பேரையும் திரும்ப ஏத்திண்டு வந்த மாதிரி. அதான் தோள் வரது! யாரோ வெள்ளிக்கிழமை மட்டும் குவளைல பழம் பிழிஞ்சிருக்கா." அவள் மேசையைத் தட்டினாள். "பைசல்ஃபைட் பண்ற வேலையை ஒரு பழம் பண்ணியிருக்கு!"

அறையில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். சின்னதுரை வாசற்படியில் நின்றபடி தன் கையையே ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

ஹேமாம்புஜம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் பண்ணியிருந்தாலும் சாமர்த்தியம்தான். ஒரு பழத்துல ஆறை மூணாக்கியிருக்காங்க. ஆராய்ச்சின்னே சொல்லலாம்."

ஆராய்ச்சி என்ற சொல் துளசிராமனின் காதில் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய முதுகு நிமிர்ந்தது.

"அப்போ இந்தப் பொண்ணு சும்மா இல்ல மேடம்," என்றார் அன்புராஜ், வழக்கைக் கைவிட மனமில்லாமல். "பெரிய மூளைதான். கெமிஸ்ட்ரி படிச்சிருக்கே. பாருங்க, எப்படி ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது."

சோனியா மறுக்கவில்லை. துளசிராமனை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு, பாராட்டு விழாவில் மேடையேறியவள் போலத் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒத்துக்குது பாருங்க!"

"இவளா?" துளசிராமனின் குரல் உடைந்தது. "இவளா ஆராய்ச்சி பண்ணா? யோவ் அன்புராஜ், வாய மூடு! பழம் புழிஞ்சது நானு! முதல் வாரத்துல இருந்து நான்தான் புழியறேன்! இதே கைக்குட்டையில வடிகட்டி, விதை விழாம! இன்னிக்குத்தான் இந்தம்மா வெளிய நின்னு அவசரப்படுத்தினாங்க!"

சத்தம் சுவரில் மோதித் திரும்பிய பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது.

"எதுக்கு சார் பிழிஞ்சீங்க?" என்று ஹேமாம்புஜம் அன்பாகக் கேட்டார்.

"அது… நம்ம வாஸ்து ஆலோசகர் சொன்னார். மெஷின் ஈசான்ய மூலையில இருக்கு. திருஷ்டி மெஷின் மேல விழாம தண்ணி மேல விழணும்னா, பரிசோதனைக்குப் போற தண்ணில ஒரு பழம் புழியணும்னு. வெள்ளிக்கிழமைக்குத்தான் பலன்." அவர் வேகமாக மூச்சுவிட்டார். "இது பரிகாரம் மேடம். கலப்படம் இல்ல. நானே என் கம்பெனித் தண்ணில கலப்படம் பண்ணுவேனா? ஆனா விஞ்ஞானப்படியும் வேலை செஞ்சிருக்கு பாருங்க. நம்ம முன்னோர்கள்…"

"முன்னோர்கள் இருக்கட்டும். பழம் புழியாத நாள்ல வந்த ரிசல்ட்டு?"

அன்புராஜின் பாக்கெட்டில் அடிக்காத போன் அடித்தது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். வாசற்படியில் சின்னதுரை நகரவில்லை.

"அதான் மேடம் நெஜம்," என்றார் சின்னதுரை. "வளையம் மாட்ன நாள்ல இருந்து ஆறுதான் வெளிய போய்க்கினு கீது."

ஹேமாம்புஜம் எழுந்தார். வெளியேறும் குழாயை இப்போதே மூட வேண்டும். தூள் போட்டு, தண்ணீரில் மூன்று வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அதுவரை ஒரு போல்ட்டும் எடுக்க மாட்டோம். சொல்லிவிட்டு, "குழாய்க்குப் பூட்டு போடுங்க. சாவி ஒரு ஆள்கிட்ட இருக்கணும். யாரு?" என்றார்.

இது ஏதோ பொறி என்று எல்லோருக்கும் தோன்றியது. விசாரணைக்கு வந்திருந்த மேலாளர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

"தினமும் தண்ணி பிடிக்கறது இந்தப் பொண்ணுதானே? இவங்களே வெச்சுக்கட்டும்."

"நானு வாங்க மாட்டேன் மேடம்," என்றாள் சோனியா.

துளசிராமனுக்கு அந்த நாளில் முதல் நிம்மதி. "பாத்தீங்களா? பயம்."

"என்ன விசாரணைன்னு கூப்ட்டாங்க. அது முடிஞ்சிதா இல்லியான்னு யாரும் சொல்லல. இன்னிக்கு சாவி குடுப்பீங்க, நாளைக்கு சாவியில ஏதோ தடவிட்டான்னு சொல்லுவீங்க. பேஜாரு எனக்கு வேணாம்."

அன்புராஜ் போனைப் பாக்கெட்டில் போட்டார். "விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது."

சோனியா கையைக் கட்டிக்கொண்டாள்.

"விசாரணை… முடிவடைந்தது."

"எப்படி முடிஞ்சிது சார்?"

அன்புராஜ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோனியா மேல எந்தத் தப்பும் இல்லை," என்றார் அன்புராஜ், பல்வலிக்காரர் போல.

"கேன்டீன்ல வந்து சொல்லுங்க சார். அங்கதான எல்லாருக்கும் சொன்னீங்க."

அவர் கேன்டீனுக்குப் போய்ச் சொன்னார். சாம்பார் வாளியைக் கையில் பிடித்திருந்தவர்கூட வைத்துவிட்டுக் கேட்டார். அதன் பிறகுதான் சோனியா சாவியை வாங்கினாள்.

அன்றைக்குக் குழாய் மூடியது. எலி மிச்சம் வைத்திருந்த மூட்டைகளைச் சின்னதுரை இழுத்துவந்து பிரித்தார். கந்தக நாற்றம் கொட்டகையைத் தாண்டி, முகப்பு அறையின் செயற்கைப் பூக்கள்வரை போயிற்று. மறுநாள் எல்லோர் கண்முன்னாலும் தண்ணீர் பிடித்து, வடிகட்டி, உலர்த்தி மெஷினுக்குள் வைத்தார்கள். அந்த மெஷின் அவசரப்படாது. ஒவ்வொரு எக்ஸ்ரேயாக எண்ணி, கோட்டைப் புள்ளி புள்ளியாகத்தான் கட்டும். காத்திருப்பவர் முதலாளியா, வாட்ச்மேனா என்று அதற்குத் தெரியாது.

துளசிராமன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நிமிடத்துக்கொரு முறை திரையை எட்டிப் பார்த்தார். வெளியே முலாம் போட வழியில்லாமல் போல்ட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன.

"வந்துடுச்சா?"

"எண்ணிக்கினு கீது சார்," என்றாள் சோனியா.

மலை மெல்ல எழும்பியது. அதன் இடப்பக்கத்தில் புள்ளிகள் ஒன்றிரண்டாகச் சேர்ந்து, வழுக்கையாக இருந்த இடம் லேசாகப் புடைக்கத் தொடங்கியது. ஸுப்ரஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். துளசிராமனும் பார்த்தார். அவர் முகத்தில் பழைய ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

"தோள்தானே அது?"

"தோள்தான் சார்," என்றாள் ஸுப்ரஜா. "மூணு."

துளசிராமன் ஸ்டூலிலிருந்து எழுந்து மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு குறிச்சுக்கோங்க. தூள் போட்டது சரி, அது ஒரு துணைப்பொருள். ஆனா குழாய்ல நம்ம வளையம் இருந்தது இல்லியா? ரெண்டும் சேர்ந்து செஞ்ச வேலை இது. ரிப்போர்ட்ல அதையும் சேத்துடு."

ஸுப்ரஜா வாயைத் திறந்தாள். அதற்குள் சோனியா முந்திக்கொண்டாள்.

"வளையத்த நேத்தே கழட்டிட்டோம் சார்."

"யாரு கழட்டச் சொன்னது?"

"நான்தான் சார்," என்றாள் சோனியா. "நீங்க இத கேப்பீங்கன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு."